மண்ணே கூரையாகும்

 

வீடு கட்டுவதில் கிராமத்தின் பணத்தைப் பெரிதும் வெளியூருக்குக் கொண்டு செல்வது கூரை. கம்பியும் சிமெண்டும் தகரமும் நம் ஊரில் விளைவன அல்ல. சித்திரை வெயிலை வீட்டுக்குள் இறக்குவதும் அக்கூரையே. மண்ணால் சுவர் எழுப்ப அறிந்த நாம், கூரையையும் மண்ணால் அமைக்கலாகாதா? இதனைச் சற்று ஆராய்வோம்.

மண்கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே தட்டைக் கூரைக்கு அது உதவாது. வளைத்துக் கட்டினாலோ, ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்தி நிற்கும். இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலியின் வளைவைத் தலைகீழாக்கினால் வரும் வடிவமே இதற்கு உகந்தது. அத்தகைய கூரைக்கு உத்திரமும் வேண்டா.

எகிப்து நாட்டில் ராமசேயம் கோயிலையொட்டிப் பச்சைச் செங்கல்லால் எழுப்பிய வளைவுக் களஞ்சியங்களுள் சில, 3,000 ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கின்றன. அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரம் கிடைக்காமற்போகவே, நூபியக் கொத்தனார்களின் முறையைக் கைக்கொண்டார். பின்சுவரில் சாய்த்து வரிசை வரிசையாகக் கல் ஒட்டும் அம்முறைக்குச் சாரமும் தேவையில்லை.

குவிந்த கூரை நமக்கும் புதியதன்று. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியத்தைக் காணலாம். விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 1992இல் முடிந்த பார்வையாளர் மையம், இயந்திரத்தில் அழுத்திய மண்கற்களால் ஆனது.

இக்கல் செய்யும் வகையைக் கூறுவோம். மேல்மண் பயிருக்கு உரியது. அதை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். அதில் பாதியளவு மணலும், ஐந்தில் ஒரு பங்கு களியும் இருத்தல் நலம். நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, கைவிசை இயந்திரத்தில் அழுத்தி, 28 நாள் ஈரம் காக்க வேண்டும். சூளை இல்லை, விறகும் செலவாகாது. மண்ணெடுத்த குழி மழைநீர்க் குட்டையாகும். கரிசல் மண் மட்டும் நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்குமாதலால், இதற்கு ஏற்றதன்று.

இரண்டு எச்சரிக்கைகளை மறத்தலாகாது. வளைந்த கூரை சுவரை வெளிப்புறமாகத் தள்ளும். தடித்த சுவரோ, முட்டுச்சுவரோ, சுவர்த் தலையில் கம்பியிட்ட பட்டையோ இல்லாவிடில் கூரை பிளக்கும். அடுத்தது நீர். ஐப்பசி மழைக்கு முன் மேற்பூச்சை ஆண்டுதோறும் பார்வையிட்டு, வெடிப்புகளை அடைத்தல் வேண்டும்.

இம்முறையில் ஆள்கூலி கூடும் என்பது உண்மையே. ஆயினும் அக்கூலி நம் ஊர்க் கொத்தனாருக்கும் சிற்றாளுக்கும் சேர்வதன்றோ? தடித்த மண்கூரை பகல் வெப்பத்தை மெல்லவே உள்ளே விடும். உச்சியில் காற்றுத் துளை அமைத்தால் வெப்பக் காற்று மேலேறி வெளியேறும். மின்விசிறிச் செலவும் குறையும்.

ஆகவே, முதலில் இரு கொத்தனார்களைப் பயிற்சிக்கு அனுப்புவோம். பின்னர், பொறியாளர் மேற்பார்வையில் விதை அறை ஒன்றைக் கட்டுவோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதைக் கண்காணித்தபின், வீடுகளுக்கு இம்முறையைக் கொண்டு செல்வோம்.