இழுக்கிறது ஈஸி, இறக்குறதுதான் கஷ்டம்: ஒரு பிக்கப், ஒரு ட்ரெய்லர், போடிமெட்டு

சென்னையிலேர்ந்து ஒரு லிசனர் கேட்டிருந்தார்: "பிக்கப் வாங்கியிருக்கேன். பின்னாடி சின்னதா ஒரு கேரவன் ட்ரெய்லர் மாட்டி, தேனி, போடி வழியா மூணாறு போகணும். வண்டிக்கு பவர் பத்துமா?"

பவர் பத்தும். ஆனா கேட்க வேண்டிய கேள்வி அது இல்ல.

கம்பம் பள்ளத்தாக்குல ட்ரெய்லர் ஒண்ணும் புதுசு இல்ல. கரும்பும் தேங்காயும் டிராக்டருக்குப் பின்னாடி போறதை அங்க தினமும் பார்க்கலாம். ஆனா டிராக்டர் மெதுவா போகும். நீங்க 80-ல போவீங்க, அங்கதான் சிக்கலே.

மொதல்ல லோடு. ட்ரெய்லரோட மொத்த எடையில 10-லேர்ந்து 15 சதவீதம் கொக்கி மேல உட்காரணும். 800 கிலோ ட்ரெய்லர்னா 80-லேர்ந்து 120 கிலோ. பின்பக்கம் கனமாயிட்டா வால் ஆட ஆரம்பிக்கும். 100 லிட்டர் தண்ணி டேங்க் 100 கிலோங்கிறதை நிறைய பேர் மறந்துடறாங்க. அது கடைசியில இருந்தா கணக்கு மொத்தமும் போச்சு. கொக்கி சேஸிஸோட போல்ட் ஆகியிருக்கணும், பம்பர்ல இல்ல. சேஃப்டி செயினை கொக்கிக்குக் கீழ குறுக்கா மாட்டுங்க. அப்புறம், ட்ரெய்லருக்குத் தனியா ரெஜிஸ்ட்ரேஷன் வேணும்.

அடுத்து காத்து. ஆண்டிபட்டி பக்கம் சும்மாவா காத்தாலை நட்டு வெச்சிருக்காங்க? ஆடி மாசக் காத்துல உயரமான ட்ரெய்லர் ஒரு பாய்மரம் மாதிரி. வால் ஆடுச்சுன்னா வேகத்தைக் கூட்டி சமாளிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. கேக்காதீங்க. ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு, ஆக்ஸிலேட்டர்லேர்ந்து மெல்ல காலை எடுங்க. பிக்கப்போட பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ட்ரெய்லர் பிரேக்கைத் தனியா போட வழி இருந்தா, அதை மட்டும் லேசா போடுங்க.

இப்ப மலைக்கு வருவோம். போடியிலேர்ந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர். ஏறும்போது இன்ஜின் சூடாகும், அவ்வளவுதான். இறங்கும்போது ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பிக்கப், ட்ரெய்லர், ஆளுங்க எல்லாம் சேர்த்து 3 டன்னுன்னு வெச்சுக்குவோம். அந்த ஆயிரம் மீட்டர் இறக்கத்துல வெளிவர்ற சக்தி கிட்டத்தட்ட 8 யூனிட் கரண்ட். வீட்டு வாட்டர் ஹீட்டர் நாலு மணி நேரம் ஓடுற சூடு! அது முழுசையும் பிரேக் மட்டுமே வாங்கினா, பிரேக் ஆயில் கொதிச்சு பெடல் பஞ்சு மாதிரி ஆயிடும். மிதிப்பீங்க, வண்டி நிக்காது.

அதனாலதான் மலை டிரைவருங்க எந்த கியர்ல ஏறினாங்களோ அதே கியர்லதான் இறங்குவாங்க. நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்கை விடாம தேய்க்காம, விட்டு விட்டு அழுத்திப் பிடிங்க. கருகின வாசனை வந்தா ஓரங்கட்டி நிறுத்துங்க. டயருக்குக் கட்டை போடுங்க, சூடான டிரம் மேல தண்ணி ஊத்தாதீங்க. கிளம்பும்போது கட்டையையும் கல்லையும் ரோட்டுலேர்ந்து எடுத்துடுங்க. இருட்டுல பைக்ல வர்றவனுக்கு அந்தக் கல்லு எமன்.

வளைவுல ட்ரெய்லர் உங்க டயர் போன தடத்துல வராது, உள்பக்கம் வெட்டிக்கிட்டு வரும். அகலமா எடுத்தாத்தான் திரும்பும். அதுக்கு எதிர்த் தடம் கொஞ்சம் வேணும். அந்தத் தடத்துல தோட்ட ஆளுங்களை ஏத்தின ஜீப்பு வரலாம், பஸ் வரலாம். ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. அதுக்காக நீங்க நின்னு ரிவர்ஸ் எடுக்கணும்னா? ட்ரெய்லரோட ரிவர்ஸ் எடுக்க ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பணும். காலி மைதானத்துலயே அது கைவர நாளாகும்.

ட்ரெய்லர்ல சொந்த பிரேக் இல்லைன்னா மலைக்குக் கொண்டு போகவே வேணாம், இதுல பேரம் கிடையாது. பிரேக் இருக்கு, ஆனா முதல் ட்ரிப் அப்படின்னா, போடியில பத்திரமான இடம் பார்த்து ட்ரெய்லரை நிறுத்திட்டு வெறும் பிக்கப்போட மேல போங்க. போடிமெட்டு செக்போஸ்ட் பக்கம் ஒரு டீ குடிங்க. திரும்பி இறங்கும்போது ஒவ்வொரு வளைவுலயும் பின்னாடி ட்ரெய்லர் இருந்தா எங்க திரும்பியிருப்பீங்கன்னு பாருங்க. 17-வது வளைவு தாண்டினதும் உங்க பதிலை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.