அதிகப்பிரசங்கி

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



என் வாழ்க்கையில் முதலில் கிடைத்த பட்டம் ‘அதிகப்பிரசங்கி’. வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் தந்தது. அவர் சொன்ன கதையில் ஒரு கேள்வி கேட்டதுதான் என் குற்றம். ஓட்டமாவடியில் வளர்ந்த உங்களில் பலரிடமும் அந்தப் பட்டம் இருக்கும்.

டொக்டர்மாருக்கு இலத்தீன் கொஞ்சம் தொற்றிக்கொள்ளும். மருந்துச் சீட்டில் நாங்கள் எழுதும் ‘பீ.டி.’, ‘டீ.டி.எஸ்.’ எல்லாம் அந்த மொழிதான். நாளுக்கு இருமுறை, மும்முறை. அப்படிப் படிக்கப் போய்ப் பிடிபட்ட சொல் ‘செர்மோ’. பழைய ரோமாபுரியில் அதற்கு அர்த்தம் நாலு பேர் கூடியிருந்து கதைக்கும் கதை. கோத்தல், இணைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது என்பார்கள். கி.மு. 44இல் சிசரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் பேச்சை இரண்டாகப் பிரிக்கிறார்: நீதிமன்றத்திலும் சபையிலும் முழங்குவது ஒன்று, செர்மோ மற்றது. முதலாவதைப் படிப்பிக்க ஆட்கள் உண்டு, இரண்டாவதற்கு இல்லை என்கிறார். கதையைத் தன் சொந்தக் காணிபோல் பிடித்துக்கொள்ளாமல் மற்றவருக்கும் முறை விடவேண்டுமாம்.

பிறகு கிறிஸ்தவத் தேவாலயங்களில் அதே சொல் பிரசங்கத்துக்குப் போனது. ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்பது. ஆங்கிலத்தின் ‘செர்மன்’ அப்படி வந்ததுதான். நம் ‘பிரசங்க’மும் வடமொழியில் ஒட்டுதல், தொடர்பு என்ற பொருளில் தொடங்கியது. இரண்டு சொல்லும் ஒரே வழியில் போயிருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

நானும் அந்த வழியில்தான் போனேன். சீனி வருத்தத்துக்கு ஒரு தாய் என் கிளினிக்குக்கு வருவார். இன்சுலின் ஒழுங்காகப் போடுங்கள், சோற்றைக் குறையுங்கள் என்று மாதாமாதம் ஒரே பிரசங்கம். “ஓம் டொக்டர்” என்பார். சீனி குறையவில்லை. ஒருநாள் கரண்ட் போய், ரிப்போர்ட் வரும்வரை நான் சும்மா இருந்தேன். அப்போதுதான் அவர் வாய் திறந்தார். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மருந்து பக்கத்து வீட்டில் இருக்கிறது. இரவில் கதவைத் தட்ட வெட்கம்.

ஈரமண் நிரப்பிய பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, மருந்தை நனையாமல் அதற்குள் வைக்கலாம். அடிக்கடி தண்ணீர் தெளித்தால் குளிர்ச்சி நிற்கும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போகவில்லை. அவர் பேச நான் இடம் விடத்தான் அத்தனை மாதம் போனது.

1984இல் அமெரிக்காவில் 74 நோயாளர் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளர் தொடங்கிச் சராசரி 18 விநாடியில் டொக்டர் குறுக்கிட்டிருக்கிறார். தான் சொல்ல வந்ததை முடித்தவர்கள் 17 பேர்தான். அந்தத் தாளை வாசித்தபோது எனக்கு வேர்த்தது.

இப்போது கிளினிக்கில் யாராவது கேள்விக்கு மேல் கேள்வி கேட்டால் பேனையை மூடி வைக்கிறேன். எல்லா நாளும் முடிவதில்லை. வெளியே வரிசை நீளம்.

பத்து நிமிடமாக நானே பேசிவிட்டேன். தேநீர் வேளையில் பின்வாங்கில் இருப்பேன். வந்து நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.