அவரைப் பிஞ்சு உதிர்வதேன்?
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் செய்த பிரசங்கம்)

 

பயிர்க்கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குங்கால் ஒரு விஷயம் என் கவனத்திற்கு வந்தது. அவரை, பீன்ஸ், தட்டைப்பயறு பயிரிடுவோரிற் பலர், பூவும் பிஞ்சும் உதிரக் கண்டு மனங்கலங்கி, கடைக்காரர் கொடுக்கும் மருந்துகளையெல்லாம் கடன் பணத்தில் வாங்கித் தெளிக்கின்றனர். சிலர் திருஷ்டியென்று பூசணிக்காய் உடைக்கின்றனர். அதிற் செலவாவது குறைவு.

அவரைக் குடும்பத்துச் செடி தன் பூக்கள் அனைத்தையும் காயாக்குவதில்லை. நோயற்ற செடியிலுங்கூடப் பாதிக்கு மேல் உதிர்வது சாதாரணம். இதனை நடத்துபவை செடிக்குள்ளேயே அணுவளவாய் உற்பத்தியாகும் ஹார்மோன்கள் என்னும் வஸ்துக்கள். பிஞ்சினுள் வளரும் இளம் விதைகள் ஆக்ஸின் என்னும் ஹார்மோனை உண்டாக்குகின்றன. அது காம்பின் வழியே இடைவிடாது இறங்கிக் கொண்டிருக்கும்வரை பிஞ்சு நிலைக்கும். அவ்வோட்டம் தளர்ந்தால் எதிலீன் என்னும் வாயு ஹார்மோன் மேலோங்கி, காம்படியிலுள்ள மெல்லிய அடுக்கின் அணுச் சுவர்களைக் கரைக்கும் ரசங்களைத் தூண்டுகிறது. பிஞ்சு கழன்று விழுகிறது.

எந்தப் பிஞ்சு விழும்? இங்கேதான் விசேஷம். ஒரே கொத்தில் முந்திக் காய்த்தவை தம் ஆக்ஸினைத் தண்டிற்குள் நிறைய அனுப்பிவிடுவதால், பிந்திப் பூத்தவற்றின் ஓட்டம் தடைப்படுகிறது. முதலில் வந்த அங்கத்தினர் கடன் தொகை முழுவதையும் பெற்றுச் சென்றால் பின்வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதற்கு இதனை ஒப்பிடலாம். 1950களின் பிற்பகுதியில் வான் ஸ்டீவனிங்க் என்னும் சாஸ்திரி, இக்குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் லூபின் செடியில், கீழ்க்காய்கள் வளர்வதே மேற்பூக்கள் உதிர்வதற்குக் காரணமெனக் கண்டார். உதிர்வைத் துரிதப்படுத்தும் ஒரு வஸ்துவையும் அக்காய்களிலிருந்து பிரித்தெடுத்தார். பருத்திப் பிஞ்சுகளிலிருந்து 1963ல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட வஸ்துவும் அதுவும் ஒன்றேயென்று பிறகு தெளிவாயிற்று. இன்று அதற்கு அப்ஸிஸிக் அமிலம் என்று பெயர். நிலம் காய்ந்து வேர் தவிக்கும்போது இவ்வமிலம் செடியில் பெருகுகிறது. பூக்கும் வாரங்களில் ஒரு தண்ணீர் தவறினால் பிஞ்சுகள் கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடும் உஷ்ணமும் காய்ப்பிடிப்பைக் கெடுக்கும். பீன்ஸ் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் செழிப்பது இதனாலேயே.

ஆகவே செய்யவேண்டியவற்றில் பெரும்பாலானவை செலவில்லாதவை. பூக்கும் பருவத்தில் ஈரம் குன்றாமலும், நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்கறிக்காகப் பயிரிட்டதாயின், விதை முற்றுமுன் இளங்காயாகவே அடிக்கடி பறியுங்கள். முற்றவிட்ட காய் விலையிலும் தாழ்வு, பின்வரும் பிஞ்சுக்கும் பகை. விதைக்கு வேண்டுமாயின் சில கொடிகளைத் தனியே ஒதுக்கி விடுங்கள். உதிர்ந்த பிஞ்சு சிலவற்றைப் பிளந்தும் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் விவகாரம் வேறு, ஹார்மோன் தெளித்துப் பயனில்லை.

தெளிக்கும் ஹார்மோன் வீணென்று நான் சொல்லவில்லை. என்.ஏ.ஏ. என்பது செயற்கை ஆக்ஸின். உளுந்து, பாசிப்பயறு முதலியவற்றுக்கு லிட்டர் நீருக்கு 40 மில்லிகிராம் வீதம், பூக்குமுன் ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிபார்சு செய்திருக்கின்றனர். கடையில் விற்பது 4.5 சதவிகிதச் சரக்காயின், 10 லிட்டர் டாங்கிக்கு 9 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம். 'இன்னும் ஒரு மூடி' என்று ஊற்றும் வழக்கம் இங்கே பெருங்கேடு. ஆப்பிள் தோட்டக்காரர்கள் இதே என்.ஏ.ஏ.வைப் பிஞ்சுகளை உதிர்ப்பதற்கென்றே உபயோகிக்கின்றனர். களைக்கொல்லியான 2,4-டி என்பதும் ஆக்ஸின் இனத்தைச் சேர்ந்ததே. களைக்கொல்லி தெளித்த டாங்கியைக் கழுவாமல் அவரைக்குக் கொண்டு போகாதீர்கள்.

முதல் தடவை வயல் முழுவதற்கும் தெளிக்கவேண்டாம். இரண்டு பாத்திக்குத் தெளித்து, அடுத்த இரண்டை விட்டுவைத்து, ஒவ்வொரு பறிப்பிலும் இரண்டையும் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொண்டு வாருங்கள். மருந்துக்குக் கடன் கேட்டு மறுமுறை விண்ணப்பிக்கையில் அந்தக் கணக்கையும் உடன் கொணர்ந்தால் பரிசீலனை சுலபமாகும்.