வில்லன் மூணு, மனசு எங்கே?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரே வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

சாம் ரெய்மி இயக்கி 2007இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ மூன்றாம் படம், முந்தைய இரண்டு படங்களின் பெயரைக் காத்ததா, கெடுத்ததா? கெடுத்தது என்பதே எங்கள் வாதம்.

“உலகம் பூரா அதிகமா வசூல் பண்ணினது மூணாவது படந்தான்”னு எதிரணி நண்பர் சொன்னார். வாஸ்தவந்தான் ஐயா. ஆனா, முதல் ரெண்டு பந்தியில சாப்பாடு பிரமாதம்னு கேள்விப்பட்டு மூணாம் பந்திக்கு முண்டியடிச்ச கூட்டம் அது! (சிரிப்பு, கைதட்டல்)

2002இல் வந்த முதல் படத்தைப் பாருங்க. மல்யுத்தப் பந்தயம் நடத்தினவன், பேசின பணத்தைத் தராம ஏமாத்துறான். அவன் பணத்தை ஒரு திருடன் தூக்கிட்டு ஓடுறான். பீட்டர் தடுத்திருக்கலாம். ‘நமக்கென்ன’ன்னு வழிவிட்டான். அதே ராத்திரி, அவனை வளர்த்த பெரியப்பா சுடப்பட்டுச் சாகிறார். சுட்டது அந்தத் திருடன்தான்னு அவனுக்குத் தெரியுது. ஒதுங்கி நிற்பதும் குற்றம்தான்! இந்த ஓர் ஆணிதான் கதையையே தாங்குகிறது.

மூணாவது படம் என்ன பண்ணுச்சு? “சுட்டவன் அவன் இல்லீங்க, வேற ஆளு”ன்னு அந்த ஆணியையே பிடுங்கிடுச்சு!

2004இல் வந்த இரண்டாவது படத்துக்குக் காட்சி ஜாலத்துக்கான ஆஸ்கார் கிடைத்தது. ஆனால் நம் நெஞ்சில் நிற்பது ஜாலமா? வாடகை பாக்கி வச்சிருக்கிற பையன், ஓடுற ரயிலைத் தன் கையாலே நிறுத்திட்டு மயங்கி விழுறான். முகமூடி இல்லை. ஜனங்க அவனைத் தலைக்கு மேலே ஏந்திக்கிட்டு வர்றாங்க. முகத்தைப் பார்த்தவங்க, யார்கிட்டேயும் சொல்லமாட்டோம்கிறாங்க. காப்பாத்தினவனை ஜனங்க காப்பாத்துறாங்க! (பலத்த கைதட்டல்)

மூணாவதுல வில்லன் மட்டும் மூணு பேர். யாருக்கு அழுறது, யாருக்குப் பயப்படுறதுன்னு தெரியலை! ஆனாலும் நியாயமாகப் பேசுகிறேன். மணல் துகள்கள் ஒன்றுசேர்ந்து மனிதனாக எழும் காட்சி அபாரம். கடைசியில் பெரியப்பாவைக் கொன்றவனைப் பீட்டர் மன்னிப்பதும் உயர்ந்த எண்ணம். ஆனால் மன்னிப்பு மனதில் பழுக்க நேரம் வேண்டாமா? மற்ற சண்டைகளே அந்த நேரத்தைத் தின்றுவிட்டன.

வலிமை இருந்தும் வழிவிட்டவனுக்கு நேர்ந்ததைச் சொல்லி நம்ம பிள்ளைகளை யோசிக்க வைத்தது முதல் படம். அந்தப் பாடத்தின் மீது மண்ணைப் போட்டது மூன்றாவது படம் என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.