இரத்த வகையும் தொற்று நோயும்
(பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"இன்ன இரத்த வகையினரை இன்ன நோய் அணுகாது" என்னும் பேச்சு இந்நாளில் நம் வீடுகளிலும் வழங்கி வருகிறது. அதனைக் கேட்டு ஒருவர் வீண் தைரியங் கொள்கிறார். மற்றொருவர் வீணே அஞ்சுகிறார். இதில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வோமாக.

மனித இரத்தத்தில் வகைகள் உண்டென்பதை வியன்னா நகரத்து கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் விளக்கி எழுதினார். அதன் பொருட்டு 1930-இல் நோபெல் பரிசும் பெற்றார். செவ்வணுக்களின் மேற்புறத்து அமைந்த ஒருவகைச் சர்க்கரைப் பொருள்களே இப்பேதத்துக்குக் காரணம். ஏ, பி என்னும் அவ்விரு பொருள்களும் உடையது ஏபி. இரண்டும் இல்லாதது ஓ. தம் உடலில் இல்லாத பொருளுக்கு எதிர்ப்பொருள் ஒவ்வொருவர் இரத்தத்திலும் இயல்பாகவே உண்டு.

இனி, நம் முன்னோரை வாட்டிய பெரியம்மையை நோக்குவோம். ஏ பொருளை ஒத்ததொன்று அம்மைக் கிருமியிலும் இருக்குமாயின், ஏ வகையினரிடம் அதற்கு எதிர்ப்பொருள் இராது. ஆதலின் அவர்களே மிக வருந்துவர் என்று சிலர் ஊகித்தனர். வோகல், சக்கரவர்த்தி என்னும் இருவர் மேற்கு வங்காளம், பீகார் கிராமங்களில் ஆராய்ந்து, அவ்வாறே கண்டதாக 1966-இல் வெளியிட்டனர். ஆயின் டௌனி, ஏ. ஆர். ராவ் முதலியோர் நம் சென்னை நகரத்து அம்மை நோயாளரை ஆராய்ந்து 1965-இல் கூறிய முடிவு வேறு. நோய் பற்றுவதிலும் அதன் கடுமையிலும் இரத்த வகையால் வேற்றுமை காணோம் என்றனர் அவர்கள். இவ்வழக்கு முற்றும் தீருமுன் நோயே தீர்ந்தது. 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. காத்தது இரத்த வகையன்று; அம்மைப்பாலும், நோயுற்றாரை ஊரூராகத் தேடிய ஊழியர் உழைப்புமே.

எனினும் இரத்த வகைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையென்று கூறலாகாது. வாந்திபேதி கண்டவருள் ஓ வகையினர்க்கு அது கடுமையாவதை வங்காள தேசத்து ஆராய்ச்சி 1985-இல் காட்டியது. மலேரியாவிலோ நேர்மாறு, அந்நோயின் கொடிய நிலை ஓ வகையினர்க்குக் குறைவு. ஓரிடத்தில் கேடாவதே மற்றோரிடத்தில் காப்பாகிறது. ஆதலின் உயர்ந்த இரத்தம், தாழ்ந்த இரத்தம் என்பதொன்றில்லை.

அன்பர்களே! சமூகச் சங்கத்தில் நின்று இதனை அழுத்திச் சொல்லுதல் என் கடமை. இந்நால்வகை இரத்தமும் எல்லாச் சாதியிலும் உண்டு. உடன்பிறந்தான் இரத்தம் பொருந்தாத வேளையில் அயற்சேரியான் இரத்தம் பொருந்தி உயிர் காக்கும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை நான்கு. மருதையாற்றங்கரைச் சிற்றூராயினும், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை அடுத்த ஊராயினும், குடிநீரைக் காய்ச்சிப் பருகுக. குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளைத் தவறாது இடுக. பேதி கண்டால், எவ்வகை இரத்தத்தாராயினும், உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு விரைக. நான்காவதாக, நம் கிளைச் சங்கங்கள் உறுப்பினரின் இரத்த வகையை எழுதிவைத்து, பெரம்பலூர், அரியலூர் அரசு மருத்துவமனைகளில் இரத்தம் வேண்டி வருவோர்க்கு, யாவராயினும் சாதி கேளாது, உதவ முன்வருக. இரத்த வகையை அறிவதன் மெய்ப்பயன் அதுவே.