ஓஸோனை அளந்த அம்மையார்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



லோதி சாலை வழியே செல்லும் நம்மவர் பலரும் வானிலைத் துறையின் கட்டடத்தைக் கண்டிருப்பர். நாளை மழையுண்டா என்பதற்கு மேல் அத்துறையைப் பற்றி நாம் நினைப்பதில்லை. அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக இத்தலைநகரில் பணியாற்றி, 1976-இல் ஓய்வு பெற்ற அன்னா மணி அம்மையாரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

அம்மையார் 1918-இல் திருவிதாங்கூரில் உள்ள பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத்தோடு வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியமே வேண்டும் என்றாராம். ஆயினும் வைரம் அவரை விடவில்லை! சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் வைரத்தின் ஒளிர்வையே ஆராய்ந்தார். 1945-இல் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு ஆய்வேடு அளித்தார். எம். எஸ்ஸி. பட்டம் இல்லையென்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பர்; கேட்கும் நமக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

பின்னர் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பி, 1948-இல் புனாவில் வானிலைத் துறையில் சேர்ந்தார்.

இனி ஓஸோனுக்கு வருவோம். சூரியனின் கொடிய புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கும் வாயு அது. நம் தலைக்கு மேலுள்ள ஓஸோன் முழுவதையும் தரைக்குக் கொணர்ந்து பரப்பினால், அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே! இத்துணை மெல்லிய போர்வையை எங்ஙனம் அளப்பது? பலூனில் ஒரு சிறு கருவியைக் கட்டி அனுப்புவர். அதிலுள்ள பொட்டாசியம் அயோடைடு கரைசலில் ஓஸோன் படும்போது அயோடின் பிரியும். அதனால் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை வானொலி தரைக்கு அறிவிக்கும். இதற்கு ஓஸோன்சோண்டே என்று பெயர். அயல்நாட்டிலிருந்து வாங்காமல், 1960-களில் இதனை இந்தியாவிலேயே உருவாக்கியது அம்மையாரின் குழு. அனைத்துலக ஓஸோன் கமிஷனிலும் அவர் அங்கம் வகித்தார். பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கே. ஆர். ராமநாதன் அக்கமிஷனுக்குத் தலைமை தாங்கியவர் என்பதையும், இங்குள்ள பாலக்காட்டு அன்பர்கள் மகிழச் சொல்லி வைக்கின்றேன்.

தவறாக அளப்பதைவிட அளவாமலிருப்பதே மேல் என்பது அம்மையாரின் கொள்கை. அதன் பொருள் 1985-இல் உலகுக்கு விளங்கிற்று. அண்டார்க்டிகாவில் ஒரே இடத்தில் 1957 முதல் பொறுமையுடன் அளந்துவந்த ஆங்கிலேய விஞ்ஞானிகள், வசந்த காலத்தில் அங்கே ஓஸோன் பெரிதும் குறைந்து வருவதை அறிவித்தனர். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த குளோரோ புளோரோ கார்பன் வாயுவே காரணம் என்று பின்னர் உறுதியாயிற்று. பழைய அளவுகள் பிழைபட்டிருந்தால் இக்குறைவை யார் நம்பியிருப்பர்? 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவாயிற்று; 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது.

அம்மையார் 2001-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். பட்டம் பெறாத அவரது ஆய்வேடு, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் மற்ற டாக்டர்களின் ஏடுகளோடு கட்டடம் செய்யப்பெற்று இருக்கின்றது.