கல்லூரி வாயிலில் ஒரு கணக்கும் ஒரு பத்தியும்

கோயமுத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், திருப்பூரிலிருந்து தாராபுரத்துக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமிடத்தில் அவிநாசிபாளையம் இருக்கிறது. அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு என்பதை வெளியூர் நேயர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர் பார்க்க அவிநாசிக்குப் புறப்பட்டு எங்கள் ஊரில் வந்து இறங்கி விழித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு இந்த ஊரிலிருந்து திருப்பூருக்குப் போகும் பேருந்தில் இருவகை இளைஞரைக் காணலாம். ஒரு வகையினர் கையில் சோற்றுப் பாத்திரத்துடன் பனியன் கம்பெனிக்குச் செல்பவர்கள். மற்றொரு வகையினர் புத்தகப் பையுடன் கல்லூரிக்குச் செல்பவர்கள். இருவருக்கும் வயது ஒன்றுதான். பலர் ஒரே பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்கள். திருப்பூரில் ஒரு கல்லூரியில் பல ஆண்டுகள் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு ஓசையின்றி மாறிவிடுபவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மற்ற ஊர்களில் கல்லூரியை விட்ட பிள்ளை சில காலம் வீட்டில் இருக்கும். தந்தை கண்டிப்பார், மாமன் புத்தி சொல்வார், மறு ஆண்டு திரும்பச் சேர்வதும் உண்டு. எங்கள் பகுதியில் அந்த இடைவெளியே கிடையாது. முதற் பருவத் தேர்வில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறியவன், அடுத்த திங்கட்கிழமையே ஏதேனும் ஒரு கம்பெனியில் கட்டிங் மேசை அருகே நின்றுவிடுகிறான். சனிக்கிழமை கையில் கூலி விழுகிறது. கூலியின் சுவை கண்ட பிறகு அவனைத் திரும்ப அழைப்பது எளிதன்று. ஒரு தாயார் என்னிடம், "பையன் கெட்டுப் போகலீங்க சார், வேலைக்குத்தானுங்க போறான்" என்றார். அதற்கு என்ன மறுமொழி சொல்ல முடியும்? பனியன் தொழிலை நான் தாழ்த்திப் பேசவில்லை. இந்த வறண்ட மண்ணை வாழவைத்த தொழில் அது. ஆயினும் கல்லூரிதான் வேண்டும் என்று விரும்பி வந்த ஒருவன், எது தெரியாமல் தவறினோம் என்பதைக்கூட அறியாமல் திரும்பிப் போவது ஒரு பெரிய இழப்பு.

எது தெரியவில்லை என்பதை அறிவதற்கு நம்மிடம் என்ன கருவி இருக்கிறது? ஒரு காலத்தில் ஓராண்டுக் காலமே அதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு இன்டர்மீடியட் வகுப்பு 1950-களின் நடுவில் எடுக்கப்பட்டு, புகுமுக வகுப்பு வந்தது. பதினோராம் வகுப்பு வரை தமிழில் படித்த கிராமத்துப் பிள்ளை, புகுமுக வகுப்பில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டான். அந்த ஓராண்டு அவனைப் பழக்குவதற்கென்று ஏற்பட்டது. நடைமுறையிலோ அது சல்லடையாகவே வேலை செய்தது. பழகியவர் மேலே சென்றனர். மற்றவர் கீழே விழுந்தனர். 1978-ஆம் ஆண்டில் மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளிலேயே தொடங்கப்பட்டன. புகுமுக வகுப்பு மறைந்தது. பழக்கும் பொறுப்பு பள்ளியின் தலையில் விழுந்தது. பள்ளிக்கோ அரசுப் பொதுத்தேர்வு என்ற ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் குறை கூறுவதற்கு நான் வரவில்லை. அது ஒரு மாணவனின் உழைப்பைக் காட்டுகிறது, ஒழுங்கைக் காட்டுகிறது. தொழிற்கல்விக்கு 1984 முதல் நடைபெற்ற நுழைவுத்தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்டபோது, தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட வழியற்ற எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலர் பொறியியல் கல்லூரியின் வாயிலைக் கண்டனர். ஆகவே மீண்டும் ஒரு வாயிற்காவல் தேர்வு வேண்டும் என்று எவரேனும் சொன்னால் நான் உடன்படமாட்டேன். நான் கேட்பது வேறு. வாயிலைக் கடந்து உள்ளே வந்துவிட்டவனுக்கு இன்ன இடத்தில் கைகொடுக்க வேண்டும் என்று காட்டும் ஒரு சிறு தேர்வு இருந்தால் போதும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். மேல்நிலையின் முதலாண்டுக்குப் பொதுத்தேர்வு இல்லாதிருந்த காலத்தில், பல பள்ளிகள் அந்த ஆண்டுப் பாடத்தை விட்டுவிட்டு, இரண்டாமாண்டுப் பாடத்தையே இரண்டு ஆண்டுகளும் நடத்தின. மதிப்பெண் மலைபோல் குவிந்தது. ஆனால் திரிகோணமிதியின் அடிப்படையும், ஈருறுப்புத் தேற்றமும், எல்லை மதிப்பு என்ற கருத்தும் முதலாண்டுப் புத்தகத்தில்தான் இருந்தன. வகையிடல் சூத்திரங்களை மடைதிறந்தாற்போல் ஒப்பிக்கும் மாணவனை நிறுத்தி, "வகைக்கெழு என்றால் என்ன?" என்று கேட்டால் மௌனமே விடையாக வரும். இந்தக் கேட்டை நீக்குவதற்கென்றே 2017–18 கல்வியாண்டில் முதலாண்டுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மறு ஆண்டே அம்மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கிடப்படாது என்று அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அந்தத் தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்துப் பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பெரும் சுமை என்பதை நானும் ஒப்புகிறேன். சுமை இறங்கிற்று, பழைய குறுக்குவழியும் கூடவே திறந்துகொள்ளுமோ என்பதே என் கவலை.

இனி, நான் சில ஆண்டுகள் என் வகுப்பில் நடத்திப் பார்த்த ஒரு சிறு தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். முதல் வாரத்தில் அரைமணி நேரம் நடக்கும். பெயர் எழுத வேண்டும்; மதிப்பெண் கிடையாது. அதில் ஒரு கணக்கு இது. ஒரு துணி துவைத்தால் நீளத்தில் 5 விழுக்காடு சுருங்கும். துவைத்த பிறகு 100 சென்டிமீட்டர் நிற்க வேண்டுமானால் எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும்?

பலர் தயங்காமல் 105 என்று எழுதுவர். 105-இல் 5 விழுக்காடு 5.25 அல்லவா? அது சுருங்கினால் மிஞ்சுவது 99.75தான். நூறை 0.95-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 105.26. கால் சென்டிமீட்டரைக் கட்டிங் மாஸ்டர் பொருட்படுத்தமாட்டார் என்று ஒரு மாணவன் வாதாடினான். அவன் விடுமுறையில் கம்பெனிக்குப் போனவன். "சரி, 20 விழுக்காடு சுருங்குகிற துணியாக இருந்தால்?" என்றேன். 120 வெட்டி, 24 சுருங்கி, 96 நிற்கக் கண்டான். நான்கு சென்டிமீட்டர் குறைந்தால் உடுப்புத் திரும்பி வந்துவிடும் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதன் பிறகு அவனுக்கு நான் விழுக்காடு கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. எதன்மேல் விழுக்காடு என்று கேட்கும் பழக்கம் அவனிடம் ஊன்றிவிட்டது.

எங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் இத்தகைய கணக்கறிவு நிறையக் கிடக்கிறது. நூலின் கவுண்ட் எண் ஏற ஏற நூல் மெலியும் என்பதைத் தொட்டே சொல்வார்கள். 30-ஆம் எண் நூல் என்றால், 840 கெஜம் கொண்ட சிட்டம் முப்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. 40-ஆம் எண் என்றால் நாற்பது சேர வேண்டும். எதிர்விகிதம் என்று புத்தகம் கூறுவது இதைத்தான். ஆனால் விரலுக்குத் தெரிந்தது பேனாவுக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு பாதி வேலை.

மறு பாதி ஆங்கிலம். எட்டு வரியில், அவர்கள் முன்பு பார்த்திராத ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுப்பேன். பெரும் இலக்கியமன்று, பேருந்து நேர அறிவிப்புப் போன்ற ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் வண்டி மில் வாசலில் நிற்காது என்று அதில் இருக்கும். வண்டி எந்த நாளில் மில் வாசலில் நிற்கும் என்பது வினா. மாணவர் செய்வது என்ன? வினாவிலுள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வாக்கியத்தை முழுதாக எடுத்து எழுதிவிடுகின்றனர். பொதுத்தேர்வில் இந்த உபாயம் பலமுறை மதிப்பெண் பெற்றுத் தந்திருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் 'எக்ஸெப்ட்', 'அன்லெஸ்' என்னும் சிறு சொற்கள் வாக்கியத்தின் முகத்தையே திருப்பிவிடும் என்பதை உணராதவர், கல்லூரிப் பாடநூலின் ஒரு பக்கத்தையும் தாமாகப் படிக்க இயலாது.

இந்த இரண்டும் தனித்தனி நோய்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவை பின்னிக்கிடக்கின்றன. நிகழ்தகவில் 'அட் லீஸ்ட் டூ' என்று ஒரு கணக்கு வருகிறது. குறைந்தது இரண்டு என்று தமிழில் சொன்னால் நொடியில் போட்டுவிடும் பெண், ஆங்கிலத்தில் அதைச் சரியாக இரண்டு என்று கொண்டு தவறிவிடுகிறாள். அணிக்கோவையை அறிந்தவளுக்கு 'டிட்டர்மினன்ட்' ஒரு புதிய விலங்காகத் தோன்றுகிறது. அவள் விடைத்தாளைப் பார்க்கும் ஆசிரியரோ, "கணக்கு வரவில்லை" என்று எழுதிவிடுகிறார். கணிதமேதை இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்த வரலாற்றை இவ்விடத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டுவர். எனக்கு அந்த எடுத்துக்காட்டு அவ்வளவாக உதவவில்லை. அவர் கோடியில் ஒருவர். என் முன்னால் இருப்பவர்கள் கோடிப்பேரில் உள்ளவர்கள்.

ஆகவே ஒரு வழி செய்தேன். அதே கணக்கை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் எண்ணை மட்டும் மாற்றி ஆங்கிலத்திலும் கொடுத்தேன். தமிழில் சரியாகவும் ஆங்கிலத்தில் தவறாகவும் போட்டவருக்குக் கணித வகுப்புத் தேவையில்லை. பத்துப் பக்கச் சொற்பட்டியல் தேவை. அதை மூன்று வாரத்தில் கற்றுவிடலாம். இரண்டிலும் தவறியவருக்கு மேல்நிலை முதலாண்டுப் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்; அதற்கு ஒரு பருவம் முழுதும் மாலை நேரம் வேண்டும். இரண்டிலும் சரியாகப் போட்டவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். மொத்த மதிப்பெண் இந்த மூவரையும் பிரித்துக் காட்டாது. மூவரும் பொதுத்தேர்வில் ஒரே எண்ணை வாங்கியிருக்கக்கூடும்.

இத்தகைய தேர்வுக்கும் ஓர் ஆபத்து உண்டு. அமெரிக்க நாட்டின் சமுதாயக் கல்லூரிகளில், சேரும் மாணவர்களை ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சோதித்து, தேறாதவரைப் பட்டத்துக்குக் கணக்கில் வராத ஆயத்த வகுப்புகளில் போட்டு வைத்தனர். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் என்னும் அறிஞர் 2012-இல் இதை ஆராய்ந்தார். கணிதத்தில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரும், ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும் தமக்குப் பெரிதும் பொருந்தாத வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தனர் என்று கண்டார். பள்ளியில் ஒருவர் பெற்ற மதிப்பெண்களே அந்த ஒரு நாள் தேர்வைவிட நன்றாக வழிகாட்டின. 2017-இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றி, பள்ளி மதிப்பெண்ணை முன்வைத்துப் பெரும்பாலோரை நேரே கல்லூரி வகுப்பிலேயே சேர்க்க வழிசெய்தது. சோதித்து ஒதுக்கிவைப்பது எவ்வளவு எளிதாகக் கதவடைப்பாக மாறும் என்பதற்கு இது சான்று. அதனாலேயே என் தேர்வில் எவரையும் வேறு வகுப்புக்கு அனுப்பவில்லை. எல்லாரும் ஒரே வகுப்பில் இருந்தனர். சிலர் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக அமர்ந்தனர். ஐந்தரை மணிப் பேருந்தை விட்டால் அடுத்த வண்டிக்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டிய பெண்களுக்கு மட்டும் மதிய உணவு வேளையை ஒதுக்கினேன்.

இன்று கல்லூரிக்கு வருபவர் தொகை பெருகிவிட்டது. 2021–22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்தியா முழுமைக்கும் 28.4. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாய் அளிக்கும் திட்டமும், 2024-இல் ஆண்களுக்கு வந்த திட்டமும் எங்கள் ஊர்ப் பேருந்தில் புத்தகப் பைகளைக் கூட்டியிருக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்பவர்கள் இவர்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. 'செமஸ்டர்', 'அரியர்' என்ற சொற்களையே வகுப்பில்தான் முதன்முதலாகக் கேட்கின்றனர்.

இன்னும் ஒன்று உண்டு. கல்லூரியில் ஒரு மாணவன் எங்கே இடறினான் என்பது அவனுக்குக் கற்பித்த பள்ளி ஆசிரியருக்கு எட்டுவதேயில்லை. அவர் அனுப்பிய பிள்ளை நல்ல மதிப்பெண்ணுடன் சென்றான் என்பதோடு அவர் அறிவது முடிந்துவிடுகிறது. எனவே சில ஆண்டுகள், பெயரை மறைத்து, அந்த விடைத்தாள்களை அந்தந்தப் பள்ளிகளுக்கே எடுத்துச் சென்றேன். ஓரிடத்தில் தேநீர் கொடுத்து, பேச்சை மாற்றி, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். வேறோர் ஊரில் ஒரு கணித ஆசிரியை 105 என்ற விடைகளை மட்டும் தனியே அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இந்த வினாத்தாளில் எழுதாத பிரதி இரண்டு கொடுங்களேன், மேல்நிலை முதலாண்டுக்கு ஜூலையில் கொடுத்துப் பார்க்கிறேன்" என்று கேட்டார். என் பையில் ஒன்றுதான் இருந்தது. மற்றொன்றை அவரே கையால் எழுதிக்கொண்டார்.